மருமகளைப் பூவாடைக்காரியாக அழைப்பது பற்றி

செஞ்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். எனக்கு வயது 61. என் மூத்த மருமகள் இறந்து, சென்ற ஆவணியோடு மூன்று ஆண்டுகள் நிறைந்துவிட்டன. மார்பில் வந்த புற்றுநோய். பதினோரு மாதங்கள் நானும் அவளும் புதுச்சேரி ஜிப்மருக்குப் பேருந்தில் போய்வந்தோம். இறக்கும்போது அவளுக்கு 31 வயது, என் பேத்திக்கு நான்கு வயது. இப்போது இளைய மகனுக்குத் தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. அதையொட்டி எழுந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். வடமாவட்டங்களில் பல குடும்பங்களுக்குப் பூவாடைக்காரி என்று ஒரு வீட்டுத் தெய்வம் உண்டு. எங்கள் வீட்டில் அவளுக்குக் கோயில் கிடையாது, சிலை கிடையாது. குடும்பத்தில் மஞ்சள் குங்குமத்தோடு போய்ச் சேர்ந்த பெண்ணைத்தான் அந்தப் பெயரில் கும்பிடுகிறோம். கல்யாணம் போன்ற நல்ல காரியம் வருவதற்கு முன், கிணற்றடிக்கோ குளத்தங்கரைக்கோ போய், பம்பையும் உடுக்கையும் அடித்துப் பாடி, பூச்சுற்றிய கலசத்தில் அவளை அழைத்து வந்து, வீட்டுக்குள் புதுச்சேலையும் பூவும் வைத்துப் படைப்போம்.

இதுவரை எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி என்றால் என் மாமனாருடைய பாட்டிதான். அவரை எங்களில் யாரும் பார்த்ததில்லை. இந்த முறை மருமகளையும் சேர்த்து அழைக்க வேண்டும் என்று பங்காளிகளும் பூசாரியும் சொல்கிறார்கள். முகம் தெரியாத ஒருவரைத் தெய்வமாகக் கும்பிடுவதில் எனக்கு ஒரு தடையும் இருந்ததில்லை. ஆனால் திண்டிவனம் பேருந்து நிலையத்தில், வாந்தி எடுத்த களைப்போடு என் தோளில் சாய்ந்துகொண்டு, "அத்தை, பாப்பாவுக்குக் கொய்யாப்பழம் வாங்கணும், மறந்துடாதீங்க" என்று ஒவ்வொரு முறையும் சொன்னவளை, கலசத்தில் வா என்று எப்படி அழைப்பேன்? அழைத்துவிட்டால் அவள் என் மருமகளாக இல்லாமல் போய்விடுவாளோ என்று அஞ்சுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் நாங்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை. அதை மறைத்து எழுதினால் அவளைப் பற்றி எழுதியதாகாது. அவள் குழம்பில் புளி குறைத்துப் போட்டதற்காக ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்திருக்கிறேன். அவள் ஆரணியில் இரண்டு தறி வைத்த வீட்டில் பிறந்தவள். எதற்கும் கணக்கு வேண்டும் அவளுக்கு. எங்கள் சமையலறையில் சிலிண்டருக்கு மேலே உள்ள சுவரில், ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் பென்சிலால் தேதி எழுதுவாள். ஏழு என்ற எண்ணுக்கு மட்டும் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவாள். சுவரை அழுக்காக்குகிறாளே என்று அதற்கும் நான் சண்டை பிடித்தேன். 2016 முதல் அவள் கையால் எழுதிய 41 தேதிகள் அங்கே இருக்கின்றன. கடைசித் தேதி, அவள் இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னால் எழுதியது. அதற்குக் கீழே நான் எழுதி வருகிறேன். இப்போது கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கிறது.

அவள் இறந்த அன்று அந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடம் இருக்கவில்லை என்பதையும் இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன். தலைமாட்டில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார், அது அவருக்குரிய இடம். செய்ய வேண்டியதை என் மகன் செய்தான். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்தது. நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஓர் உறவுக்காரப் பெண்மணி என் கையைப் பிடித்து, "பையனுக்கு வயசிருக்கு, கவலைப்படாதே" என்றார். அவர் எனக்கு ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்திருப்பார். என் துக்கம் மகனைப் பற்றியது மட்டும்தான் என்று ஊரே முடிவு செய்திருந்தது.

என்னைப் போல மருமகளை இழந்தவர்கள் இங்கே இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

உசிலம்பட்டி எழுதியது:

அம்மா, வணக்கம். நான் இழந்தது மனைவியை, என் தாயார் இழந்தது மருமகளை. எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. உங்கள் பதிவைப் படித்தபோது, என் தாயார் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்று தோன்றியது.

எங்கள் பக்கத்தில் இதையே சீலைக்காரி என்பார்கள். பெட்டிக்குள் சேலையை வைத்து, மாசி மாதம் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடும்போது எடுத்து வணங்குவோம். என் மனைவியின் சேலை ஒன்றை என் தாயாரே தேர்ந்தெடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். பட்டு இல்லை. காப்பிப்பொடி நிறத்தில் ஒரு சாதாரண நூல் சேலை, முந்தானையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு இருக்கும். உறவினர்கள் எதிர்த்தார்கள். தெய்வத்துக்கு ஓட்டைச் சேலையா என்று கேட்டார்கள். "அவள் அதைத்தான் எடுத்து எடுத்துக் கட்டுவாள்" என்று மட்டும் என் தாயார் சொன்னார்.

தெய்வமாக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடும் என்று நீங்கள் அஞ்சுவது புரிகிறது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது வேறு. என் மனைவியின் பெயரைச் சாதாரண நாட்களில் யாரும் சொல்வதில்லை, என் முகம் வாடிவிடும் என்று தவிர்ப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பெட்டி திறக்கும்போது மட்டும் அந்தக் கட்டுப்பாடு உடைகிறது. என் தாயார் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே, அது எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் சுட்டது, அன்று அவள் எப்படிச் சிரித்தாள் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்வார். எங்கள் வீட்டில் அவளைப் பற்றிப் பேசுவதற்கு அந்தப் பெட்டி ஒன்றுதான் வழிவிட்டது. ஆகவே அழையுங்கள் என்றே சொல்வேன்.

தூத்துக்குடி எழுதியது:

முந்தைய பதிவரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை.

என் மருமகள் பிரசவத்துக்குப் பிறகு இறந்தாள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2 அன்று வரும் கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாளே போய், நானும் என் மனைவியும் அவளுடைய கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, மறுநாள் பூமாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். சாமியார் வந்து மந்திரிப்பார். அன்று நாங்கள் அவளுக்காக ஜெபிக்கிறோம். அவளிடம் எதையும் கேட்பதில்லை. எனக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படுகிறது. வாழ்ந்த காலம் முழுவதும் மருமகளிடம்தான் எல்லாவற்றையும் கேட்டோம். தண்ணீர் கொண்டுவா, மாத்திரை எடுத்துக்கொடு, விருந்தாளிக்குச் சமைத்துப் போடு என்று கேட்டோம். இறந்த பிறகும் குடும்பத்தைக் காப்பாற்று, கல்யாணத்தை நல்லபடி நடத்திக்கொடு என்று அவளிடமே கேட்பது நியாயமா? அவளுக்கு ஓய்வு வேண்டாமா?

விவிலியத்தில் ரூத்தைப் பற்றி ஊர்ப் பெண்கள் நகோமியிடம், ஏழு மகன்களைவிட மேலானவள் உன் மருமகள் என்று சொல்வார்கள். என் மனைவிக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தச் சொல் ரூத் உயிரோடு இருக்கும்போதே சொல்லப்பட்டது என்பதைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். என் மருமகளிடம் நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கல்லறைக்குச் சுண்ணாம்பு பூசும்போது என் மனத்தில் இருப்பது இதுதான்.

செஞ்சி எழுதியது:

தூத்துக்குடி ஐயா, அவளுக்கு ஓய்வு வேண்டாமா என்று நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டு இரவு வெகுநேரம் உறங்காமல் கிடந்தேன். உண்மைதான். சிகிச்சை நடந்த நாட்களில்கூட அவள் காலை ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்துவிட்டுத்தான் பேருந்துக்குக் கிளம்புவாள். வேண்டாம் என்று நான் சொன்னேன். ஆனால் அவள் கையிலிருந்த வாளியை நான் பிடுங்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று இப்போதுதான் தெரிகிறது.

உசிலம்பட்டித் தம்பி, உங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை. வெள்ளையடிப்பவரிடம் மட்டும் சமையலறையைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

கோப்பாய் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எனது மருமகள் இறந்தது ரொறன்ரோவில். உடல்நிலை இடந்தராத காரணத்தால் நான் போகவில்லை. இறுதிக்கிரியையை இங்கே முன்விறாந்தையில் இருந்து கைத்தொலைபேசியில்தான் பார்த்தேன்.

எங்கள் மரண அறிவித்தல்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, இன்னாரின் பாசமிகு மகளும், இன்னாரின் அன்பு மருமகளும், இன்னாரின் அன்பு மனைவியும் என்று வரிசையாகப் போகும். எல்லா அறிவித்தலிலும் மருமகள் என்றால் "அன்பு மருமகள்"தான். பல்லாண்டுகளாக அந்த வரியைக் கண் ஓட்டிக் கடந்து போனவன் நான். அதில் எனது பெயர் வந்தபோதுதான், அந்தச் சொல்லுக்குள் ஒன்றையும் வைக்க இடமில்லை என்று கண்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நினைவு மலர் அச்சிட்டோம். நாங்கள் அதைக் கல்வெட்டு என்று சொல்வோம். தேவார திருவாசகங்களுக்குப் பிறகு, கணவர் புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று உறவுமுறைப்படி பாட்டுகள் வரும். வயதில் மூத்த மாமனோ மாமியோ இறந்தால், "மருமக்கள் புலம்பல்" என்று ஒரு பகுதி இருக்கும். ஆனால் மருமகள் இறந்ததற்கு மாமன் புலம்பியதாக, என் கைக்கு வந்த எந்தக் கல்வெட்டிலும் நான் பார்த்ததில்லை. அச்சகத்தார் கொடுத்த மாதிரிகளிலும் இல்லை. செஞ்சி அம்மா சொன்ன அந்த இடமில்லாத நிலை எங்களுக்கும் உண்டு. நான் பிடிவாதமாக எட்டு வரிகள் எழுதிக் கொடுத்து, மாமன் புலம்பல் என்று தலைப்பிடச் சொன்னேன். யாப்பில் பிழை இருந்திருக்கும். நான் ஓய்வுபெற்ற தபால் ஊழியன், புலவன் அல்லன்.

அந்த எட்டு வரிகளில் நான் எழுதியது தொலைபேசி அழைப்பைப் பற்றி. அங்கே இரவு ஒன்பது மணிக்கு, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு அவள் எடுப்பாள். எனக்கு இங்கே காலை ஆறரை. குளிர்காலம் தொடங்கி அங்கே மணிக்கூட்டை மாற்றினால் எனக்கு அது ஏழரை ஆகிவிடும். "மாமா, நாளையில இருந்து ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் எடுப்பன், பயந்துடாதேங்கோ" என்று முதல் நாளே சொல்லிவிடுவாள். மகனும் எடுப்பான், ஆனால் அவன் நேரம் பார்த்து எடுப்பவன் அல்லன். அவள் போன பிறகு வந்த முதல் கார்த்திகையில், ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். எந்த நேரத்தில் அழைப்பு வராமல் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

செஞ்சி அம்மா, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அழைப்பதானால் பூசாரி பாடுகிற பாட்டுக்குள் உங்களுடைய வார்த்தை ஒன்றையாவது சேர்க்கச் சொல்லுங்கள். கொய்யாப்பழத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

சேலம் எழுதியது:

நான் மறுபக்கத்தைச் சேர்ந்தவள். என் மகள் திருமணமாகி ஒன்பதாம் ஆண்டில் மூளைக் காய்ச்சலில் இறந்தாள். குழந்தை இல்லை. அவளுடைய மாமியாரைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் இதில் சேர்ந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், அந்த அம்மாள் தனியாகப் பேருந்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு மஞ்சள் பையில் என் மகளுடைய நகைகள் அத்தனையும் இருந்தன. கூடவே ஒரு நோட்டுத் தாளில் பட்டியல். நாங்கள் போட்டது எது, அவர்கள் போட்டது எது, என் மகள் தன் சம்பளத்தில் வாங்கியது எது என்று தனித்தனியாக எழுதியிருந்தார். அவர்கள் போட்டதையும் சேர்த்துத்தான் கொண்டுவந்திருந்தார்.

சட்டம் அவரிடம் இதைக் கேட்கவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது. அவர்கள் இல்லையென்றால் கணவருடைய வாரிசுகளுக்குப் போகிறது. பெற்ற தாய் தகப்பன் அதற்கும் பின்னால்தான் வருகிறோம். பெற்றோரிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்துக்கு மட்டும், பிள்ளை இல்லாத நிலையில், வேறு விதி உண்டு. என் கணவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர் என்பதால் இது எனக்கு அன்றே தெரியும். எங்கள் உறவில் ஒரு பெண் இறந்தபோது, ஒரு தோட்டுக்காக இரண்டு குடும்பங்களும் காவல் நிலையம் வரை போனதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்த மஞ்சள் பையை என்னால் மறக்க முடியவில்லை.

நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அவரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் என் மகள் படித்த கல்லூரியில், கட்டணம் கட்ட முடியாத பெண் ஒருத்திக்கு ஆண்டுதோறும் உதவ அந்தத் தொகையை வைப்பாகப் போட்டோம். ஒரு மூக்குத்தியை மட்டும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். "இதைக் கழற்றினால் அவளுக்கு முகமே மாறிவிடும்" என்றார். என் மகளின் முகம் மூக்குத்தி இல்லாமல் எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். இருபத்து நான்கு ஆண்டுகள் நான் பார்த்த முகத்தை ஒன்பது ஆண்டுகள் அவரும் பார்த்திருக்கிறார்.

செஞ்சி அம்மாவிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சம்பந்தியம்மாவைப் பூசைக்கு அழைத்திருக்கிறீர்களா?

திருவண்ணாமலை எழுதியது:

நான் இரண்டாம் தாரமாக வந்த மருமகள். பேசலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன்.

நான் வந்த அன்று கூடத்தில் முதல் தாரமான அக்காவின் படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது, அதைச் சுற்றிச் சுவரில் ஒரு வெளிறிய சதுரம். எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்து எடுத்துவிட்டார்கள். படத்தைவிட அந்தச் சதுரம்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து நானே பரணிலிருந்து படத்தை இறக்கி மாட்டினேன். என் மாமியார் அன்று ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் என்னிடம் அக்காவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். என்னைப் பற்றியும் அப்போதிருந்துதான் கேட்கத் தொடங்கினார்.

உங்கள் மூத்த மகனுக்கு நாளை வேறொரு வாழ்க்கை அமையலாம். அப்படி அமைந்தால், வரப்போகிறவளுக்காக என்று எதையும் அழிக்காதீர்கள். சுவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செஞ்சி எழுதியது:

எல்லோருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. திருமணம் நல்லபடியாக முடிந்தது. பூசையைத் தை இரண்டாம் வெள்ளிக்கிழமை நடத்தினோம்.

சேலம் அம்மா கேட்ட பிறகுதான், நான் சம்பந்தியம்மாவை அழைக்கவே இல்லை என்பது உறைத்தது. பூவாடைக்காரி என்பது புகுந்த வீட்டுத் தெய்வம், அதற்குப் பெற்றவர்களைக் கூப்பிடும் வழக்கம் எங்களிடம் இல்லை. நேரில் ஆரணிக்குப் போய் அழைத்தேன். வழக்கம் இல்லையே என்று பங்காளிகளில் ஒருவர் முணுமுணுத்தார். அழைக்கப்படுகிறவள் அவர் மகள்தான் என்று சொன்னேன், அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

அவர் ஒரு சேலை கொண்டுவந்தார். கிளிப்பச்சையில் அரக்குக் கரை. அவள் இறந்த அன்று இதே சேலை அவர்கள் தறியில் பாதி நெய்த நிலையில் இருந்ததாம். கோடி போட வேண்டிய அவசரத்தில், ஆரணிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையைத் திறக்கச் சொல்லிக் கையில் கிடைத்த பாலியஸ்டர் சேலை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பட்டு நெய்கிற வீட்டிலிருந்து பெண்ணுக்கு அப்படி ஒரு கோடி போனதே என்று அவர் மூன்று ஆண்டுகளாக மருகிக்கொண்டிருந்திருக்கிறார். நெய்து முடித்த சேலையை விற்கவும் மனம் வராமல் பெட்டியிலேயே வைத்திருந்தாராம். படையலில் வைத்தது அந்தச் சேலையைத்தான். பேத்தி பெரியவளாகும்வரை அது என் பெட்டியில் இருக்கும்.

கோப்பாய் ஐயா, கிணற்றடியில் பூசாரி பாடும்போது கொய்யாப்பழத்தைச் சேர்த்துப் பாடினார். முதலில் தயங்கினார், பிறகு அவருக்கே அது பிடித்துப்போய் இரண்டு முறை பாடினார். தூத்துக்குடி ஐயா, நீங்கள் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு, கும்பிடும்போது நான் எதையும் கேட்கவில்லை. வந்துவிட்டாயா, உட்கார் என்று மட்டும்தான் சொன்னேன்.

சுவரில் சிலிண்டருக்கு மேலே ஒரு முழ அகலத்துக்கு வெள்ளையடிக்காமல் விட்டிருக்கிறோம். புதிய மருமகளுக்கு அது என்னவென்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

பூசை நடந்த இரவு சம்பந்தியம்மா எங்கள் வீட்டில்தான் தங்கினார். விடியற்காலையில் காப்பி போடும்போது சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாற்றுவதற்காக விளக்கைப் போட்டபோது, அவர் சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். விரலை ஓர் ஏழின் மேல் வைத்து, "இது அவங்க அப்பா போடும் ஏழு" என்றார். தறிக் கணக்கு நோட்டில் அவர் கணவர் ஏழுக்கு அப்படித்தான் கோடு போடுவாராம். கூலிக்கணக்கில் ஏழை ஒன்று என்று யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக. அவர் தவறி இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆறு ஆண்டுகள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்த எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அவருக்கோ, அந்த ஏழு எங்கள் வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்தது தெரியாது.

சிலிண்டரை மாற்றிவிட்டுப் பென்சிலை அவரிடமே நீட்டினேன். தனக்கு எழுத வராது என்றார். அதற்குள் பேத்தி எழுந்து வந்துவிட்டாள். பென்சிலை அவளிடம் கொடுத்து, தேதியை எழுதச் சொன்னார்.